பலனில்லாத உழவு

காரிமங்கலம் சந்தையில் மாட்டுக்குத்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்; தொடையைத் தட்டிப் பார்ப்பார்கள்; வாலை முறுக்கி நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். யுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் ஆனபோது, மனுஷனையும் அப்படிப் பார்த்தால் என்ன என்று சர்க்காருக்குத் தோன்றிவிட்டது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கப் போனவர்கள், பிடித்த ஆளில் பாதிப் பேர் நெஞ்சளவில் தேறவில்லை என்று மேலே எழுதினார்கள். ஜனங்கள் ஏன் இப்படி ஒல்லியாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. சோறு இல்லாததால் என்று சந்தையில் முறுக்கு விற்கிறவளே சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்டால் அது ஆராய்ச்சி ஆகாது.

அதனால் ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்கு எதிரே இருந்த துரைமார் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவை வெள்ளையடித்து, ‘தேகக்கட்டு ஆராய்ச்சி முகாம்’ என்று பலகை மாட்டினார்கள். டாக்டர் கிருஷ்ணப்பன் வந்து இறங்கினார். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். தலையில் சோளாத் தொப்பி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் ஒரு கோழியைக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம். இவர் கோழியைத் தொடமாட்டார். புத்தகத்தில் இருப்பது ஒன்றைத்தான் நம்புவார்.

முகாமுக்கு ஆள் சேர்க்கும் வேலை மணியக்காரர் தலையில் விழுந்தது. அவர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த தீர்த்தகிரியைப் பிடித்தார். தீர்த்தகிரிக்குக் கரையை ஒட்டி ஒரு துண்டுச் செம்மண் கொல்லை, ஒற்றை மாடு, குள்ளம்மாள் என்கிற பெண்சாதி. பெயர்தான் குள்ளம்மாள், நின்றால் புருஷன் அவள் தோளுக்குத்தான் வருவான்.

“மூணு மாசம்டா. திங்கறது, படுக்கறது, தராசுல ஏறி நிக்கறது. அவ்வளவுதான் வேல” என்றார் மணியக்காரர்.

“திங்கறதுக்கு எதுக்குங்க என்னக் கூப்புடறாங்க? வேற ஆளு கெடைக்கலீங்களா?”

“கேள்வி கேக்காத. கட்டவெரல நீட்டு. நடுவுல ஓடியாந்தா தாலுக்கா கச்சேரியில நீதான் பதில் சொல்லணும்.”

கோடை. கொல்லையில் வேலை இல்லை. பானையில் ராகி அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு மூட்டை விதைக்கடலை இருந்ததுதான். விதையைத் தின்கிறவன் பிள்ளையைத் தின்பான் என்று அதற்குப் பக்கத்தில் எலியைக்கூட அண்டவிடாமல் குள்ளம்மாள் காவல் இருந்தாள். ஒரு வாய் குறைந்தால் நல்லது என்று அவளும் நினைத்தாள். தீர்த்தகிரி கட்டைவிரலை நீட்டினான்.

முதல் நாள் எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து டாக்டர் பேசினார்.

“உழைக்கிறவன் ஓய்வெடுத்தால் அவன் உடம்பு என்ன ஆகும்? உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் உழைக்கிறவன் ஓய்வெடுத்ததே கிடையாது. உட்கார்ந்தே இருக்கிறவன் அசைந்தால் என்ன ஆகும்? அதுவும் தெரியாது. அவன் அசைந்ததே கிடையாது. இந்த இரண்டு இருட்டிலும் நாம் விளக்கு ஏற்றப் போகிறோம்.”

விளக்கு இப்படி ஏற்றப்பட்டது. காடுகரையில் மாடாய் உழைத்தவர்களை எல்லாம் ஓய்வுக் கோஷ்டி என்று பிரித்து, ஆளுக்கொரு கயிற்றுக் கட்டில் கொடுத்து, தாழ்வாரத்தில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். தாலுக்கா கச்சேரியிலிருந்து பியூன்களையும் குமாஸ்தாக்களையும் வரவழைத்து அசைவுக் கோஷ்டி ஆக்கினார்கள். அதில் முதன்மையான ஆள் டபேதார் தர்மன். கச்சேரி வாசல் ஸ்டூலில் இருபது வருஷமாக உட்கார்ந்து ஸ்டூலையே வளைத்தவர். அவரை ஓடவைக்கிற பொறுப்பு டிரில் மாஸ்டர் அர்ச்சுனனுக்கு.

அசைவுக் கோஷ்டியின் வேலை, வேப்பமரத்தடியில் இருக்கும் மணல் மூட்டையைக் கொடிக்கம்பத்துக்குக் கொண்டுபோய் வைப்பது. வைத்ததும் திரும்ப எடுத்து வேப்பமரத்தடிக்கே கொண்டுவருவது. ஒருநாள் சமையலுக்கு விறகு வண்டி வந்து நின்றது. இறக்க ஆள் இல்லை. அர்ச்சுனன் நல்லெண்ணத்தில், “மணல் மூட்டைக்குப் பதிலா இன்னிக்கு இந்தக் கட்டையத் தூக்குங்கய்யா” என்றார். டாக்டர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

“நிறுத்து, நிறுத்து! விறகைத் தூக்கினால் பலன் உண்டா இல்லையா?”

“உண்டுங்க சார். அடுப்பு எரியும்.”

“பலன் இருந்தால் அது வேலை. வேலை செய்து கெட்டுப்போன உடம்பு ஊர் பூராவும் கிடக்கிறது. அதை அளக்கவா இவ்வளவு செலவு? பலன் ஒன்றும் இல்லாமல் தூக்க வேண்டும், அர்ச்சுனன். அதுதான் தேகப்பயிற்சி.”

விறகை இறக்க ஊரிலிருந்து இரண்டு பெண்களைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் இறக்கி முடிக்கிற வரைக்கும் தர்மன் மணல் மூட்டையோடு கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெண்களில் ஒருத்தி, “பாவம், எந்தக் கோயிலுக்கு வேண்டுதலோ” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தீர்த்தகிரியின் பாடு வேறு விதம். புரண்டு படுக்க வேண்டுமென்றால் குரல் கொடுக்க வேண்டும்; அர்ச்சுனன் வந்து புரட்டிவிடுவார். முகத்தில் ஈ உட்கார்ந்தது என்று கையை வீசினான்.

“கையை ஆட்டாத, தீர்த்தகிரி.”

“ஈங்க.”

“ஈதான? இருந்துட்டுப் போவட்டும். அதுக்கும் ஓய்வு வேணாமா?”

சாப்பாட்டுக்குச் சேலத்திலிருந்து பஸ்ஸில் ரொட்டி வந்தது. பாலும் முட்டையும் வந்தன. எல்லாம் வந்தன, களி மட்டும் வரவில்லை. ஒரு உருண்டை களியும் கொள்ளுச் சாறும் கிடைத்தால் தேவலை என்று கேட்டுப் பார்த்தான். டாக்டர் தடித்த புத்தகத்தைப் புரட்டினார். வெள்ளைக்காரன் தின்கிற மீன், வான்கோழி, ஆப்பிள் எல்லாவற்றுக்கும் அதில் சத்துக்கணக்கு இருந்தது.

“களிக்குக் கணக்குப் போட்டிருக்கவில்லையே, அப்பா. கணக்கு இல்லாததைத் தின்றால் அது உடம்பில் ஒட்டினதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியுங்க. எங்கப்பன் தின்னாரு, நான் தின்னேன். ஒட்டினதாலதான் இங்க படுத்திருக்கறேன்.”

“அது அனுபவம்” என்றார் டாக்டர், நோயின் பெயரைச் சொல்வது போல. “நமக்கு வேண்டியது ஆராய்ச்சி.”

உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று பார்ப்பதற்கு ஒரு புது வழி அவருக்குத் தபாலில் வந்திருந்தது. ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கி நிறுக்க வேண்டும். கொழுப்பு மிதக்கும், சதை முங்கும். அதற்குச் சீமையில் கண்ணாடித் தொட்டி இருக்கிறதாம். காரிமங்கலத்தில் கவலைக் கிணறு இருந்தது. மாடு இறைக்கிற கயிற்றில் தோல்பறியை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் ஆளைக் கட்டி, நடுவில் ஒரு கொக்கித் தராசையும் மாட்டினார்கள். மாடு பின்னால் வந்தால் ஆள் முங்குவான். முன்னால் போனால் எழுவான்.

தர்மனை இறக்கினார்கள். அவர் தண்ணீர்மேல் தக்கை மாதிரி மல்லாந்து கிடந்தார். மேலேயிருந்து கம்பால் அமுக்கிப் பார்த்தார்கள். இன்னொரு பக்கமாக எழும்பினார். தீர்த்தகிரியை இறக்கினார்கள். அம்மிக்கல்லாகப் போனான். “ஆஹா, சுத்தச் சதை! ஒரு பொட்டுக் கொழுப்பு கிடையாது!” என்று டாக்டர் பூரித்து, தராசைப் பார்த்து எழுதி, கூட்டிப் பார்த்து, மை ஒற்றி, அர்ச்சுனனுக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். போகச் சொன்னால்தானே மாடு முன்னால் போகும்? குமிழி நின்றுபோனதைக் கவலைக்காரன்தான் பார்த்து மாட்டை அதட்டினான். மேலே வந்த தீர்த்தகிரி மூக்காலும் வாயாலும் கக்கியதை டாக்டர் கவலையோடு பார்த்தார்.

“தண்ணீர் குடித்தாயா? எவ்வளவு குடித்தாய்? அதைக் கழிக்க வேண்டுமே!”

இதெல்லாம் தீர்த்தகிரிக்குப் பெரிதில்லை. சின்ன வயசிலிருந்து பண்ணையார்களிடமும் மேஸ்திரிகளிடமும் இதைவிட மோசமாகப் பட்டிருக்கிறான். அவனைத் தின்றது வேறு. அவன் கட்டில் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால், ஏரிக்கரைக்கு அப்பால் அவன் கொல்லை கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஆனி பாதியில் முதல் மழை விழுந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கொல்லையிலும் ஏர் இறங்கியது. பக்கத்துக் கொல்லைக்கார முனியப்பன் தயவில் அவன் கொல்லையிலும் ஒரு ஓட்டு ஓடியது. முனியப்பனிடமும் ஒற்றை மாடுதான். இரண்டையும் சேர்த்துக் கட்டி, இவன் கொல்லைக்கு ஒரு நாள், அவன் கொல்லைக்கு ஒரு நாள் என்று காலங்காலமாக முறை. இனி விதைப்பு மழை விழவேண்டும். விழுந்தால் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். செம்மண் ஈரம் நாலு நாள்கூடத் தாங்காது. தீர்த்தகிரி மல்லாந்து படுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாலைக் குடித்தான், முட்டையை விழுங்கினான், கை காலை அசைக்கவில்லை. ஆனால் இளைக்க ஆரம்பித்துவிட்டான்.

டாக்டருக்குத் தலை சுற்றியது. அந்தப் பக்கம் தர்மன், நாளெல்லாம் மூட்டை தூக்கியும் பெருத்துக்கொண்டே போனார். மூட்டை தூக்கிய அசதிக்கு ராத்திரி அவர் வீட்டிலிருந்து வந்த அதிரசம் டாக்டர் புத்தகத்தில் இல்லை. ஓய்வெடுக்கிறவன் இளைக்கிறான், ஓடுகிறவன் பெருக்கிறான் என்று எழுதி அனுப்பினால் மேலே சிரிப்பார்கள். அதுவும் மேலிடத்துத் துரை நேரில் பார்வையிட வரப்போகிற சமயம்.

“உனக்கு என்ன குறை?” என்று கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க. கொல்லய நெனச்சா நெஞ்சு அடிச்சுக்குது.”

“படுத்துக்கொண்டே நினைக்கிறாயா?”

“நிக்கத்தான் வுடலீங்களே.”

அன்றைக்கே மதராஸுக்கு ஒரு கடிதம் போயிற்று. கவலைப்படுவதை ஓய்வில் சேர்ப்பதா, பயிற்சியில் சேர்ப்பதா என்று தெரிவிக்கக் கோரியிருந்தார். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது.

அதற்குள் விதைப்பு மழை விழுந்துவிட்டது. ராத்திரியெல்லாம் கொட்டி, விடிந்தபோது செம்மண் புட்டு மாதிரி இருந்தது. குள்ளம்மாள் பங்களாவுக்கே வந்துவிட்டாள். காவலாளி தடுத்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. நேராகத் தாழ்வாரத்துக்கு வந்து புருஷனைப் பார்த்தாள்.

“இன்னும் படுத்துகினுதான் கீறியா? முனியப்பன் மாடு இன்னிக்கி ஒருநாளுதான் நமக்கு. நாளைக்கி அவன் கொல்லைக்கு ஓட்டிகினு பூடுவான்.”

“எழுந்திருக்கக் கூடாதாமே.”

“பொணமா நீ?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான். பொணத்தயாவது நாலு பேரு தூக்கிகினு போவாங்க.”

டாக்டர் வந்தார். குள்ளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கும்பிட்டாள்.

“சாமி, இவர ஒரு பொழுது வுடுங்க. ஏர் ஓட்டிட்டு வந்து மறுபடியும் படுத்துக்குவாரு. நான் பொறுப்பு.”

“முடியாதம்மா. ஓய்வில் இருக்கிறவன் கலப்பையைத் தொட்டால் இரண்டு மாச ஆராய்ச்சியும் வீண். வேறு யாராவது உழட்டும்.”

“ஈரம் காயறதுக்குள்ள அவனவன் கொல்லயப் பாக்கவே ஆளு இல்லீங்க.”

“நீயே உழேன்? நல்ல திடமாகத்தானே இருக்கிறாய்?”

குள்ளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மழை பொய்த்த வருஷத்தில் பெண்கள் கூடி ஏர் பிடித்து வறண்ட ஏரியை உழுவார்கள். அந்தக் கண்ணராவியைக் காணச் சகிக்காமல் வானம் இறங்கும். பெய்திருக்கும்போது பெண் ஏர் பிடித்தால், வந்த மழையை அவமானப்படுத்தினதாகும். அது அந்த வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாது. ஊர் மொத்தமும் அவளைச் சபிக்கும்.

“பொம்பள ஏரத் தொட்டா மழ பூடுங்க, சாமி.”

டாக்டர் சிரித்தார். “மூடநம்பிக்கை! தொட்டால் எப்படியம்மா போகும்?”

“அதாங்க எனக்கும் புரியல. இவரு தொட்டா உங்க ஆராய்ச்சி போவுதுங்களே, அந்த மாதிரி போவும்போல.”

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். அர்ச்சுனன் இருமுவதற்காக அந்தப் பக்கம் போனார். வெளியே தர்மனும் மற்றவர்களும் மூட்டையோடு கொடிக்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். குள்ளம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“அவங்கள்ள ஒருத்தர வுடுங்க, சாமி. மூட்டைக்குப் பதிலா ஏர் புடிக்கட்டும்.”

“உழவு வேலையம்மா. பலன் இருக்கிறது.”

“வெறும் உழவுல என்னாங்க பலன்? மண்ண இப்பிடியிருந்து அப்பிடிப் பொரட்டிப் போடறது. வெத போட்டாத்தான பலன்?”

“விதை யார் போடுவது?”

“நானுங்க. பொம்பளதான எங்கயும் ஏர்ச்சால்ல வெத போடறது? நான் உங்க ஆராய்ச்சியில இல்லீங்களே.”

“இல்லை” என்றார் டாக்டர் யோசனையாக. “பெண்களை நாங்கள் சேர்க்கவில்லை. அவர்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஏதாவது செய்துகொண்டே இருப்பதால், எப்போது அளப்பது என்று தெரியவில்லை.” பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. உழுகிறவனுக்குப் பலன் இல்லை. அதனால் அது பயிற்சி. பலனைச் செய்கிறவள் கணக்கில் இல்லை. அதனால் அது நடக்கவே இல்லை. இதில் எந்தப் பழுதும் அவருக்குத் தென்படவில்லை. கொல்லை விதைக்கப்படுவதைக் கண்ணால் பார்த்தால் தீர்த்தகிரியின் இளைப்பும் நிற்கும் என்று தோன்றியதால், அவனையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். கட்டில் தூக்குவது வேலைதானே என்று அர்ச்சுனன் கேட்டார். போன கட்டில் அதே இடத்துக்குத் திரும்பி வரப்போவதால் அதில் பலன் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

ஏரிக்கரை வழியாக ஊர்வலம் போயிற்று. முன்னால் கோட்டும் தொப்பியுமாக டாக்டர். நடுவில், நாலு குமாஸ்தாக்கள் தோளில், கட்டிலில் மல்லாந்தபடி தீர்த்தகிரி. பின்னால் தர்மனும், கையோடு கொண்டுவந்த விதைக்கூடையோடு குள்ளம்மாளும். எதிரே வந்தவர்கள் துண்டை எடுத்து ஒதுங்கி நின்றார்கள். பிணம் கண்ணைச் சிமிட்டி, “வெதைக்கப் போறமுங்க” என்றதும் ஒருவர் கரையிலிருந்து சறுக்கி ஏரிப்பக்கம் போனார்.

கட்டிலை வரப்பில் வைத்தார்கள். தர்மன் மேழியைப் பிடித்தார். பிடித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, சாய்ந்துகொண்டார். மாடுகள் திரும்பி ஒருமுறை அவரைப் பார்த்தன. பிறகு தங்கள் யோசனைப்படி நடக்க ஆரம்பித்தன. கலப்பை ஒரு இடத்தில் முழங்கால் ஆழம் போயிற்று. இன்னொரு இடத்தில் மண்ணை நக்கிக்கொண்டு போயிற்று. சால் பாம்பு போன வழியாக வளைந்தது. குள்ளம்மாள் பின்னாலேயே வந்து, பள்ளத்தில் விழுந்த விதை முளைக்காதே என்று குனிந்து எடுத்தாள்; மேலே கிடந்த விதையைக் காலால் தள்ளி மூடினாள். மூடாததைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன.

“யோவ் டபேதாரு! அமுக்கிப் புடிய்யா!” என்று தீர்த்தகிரி கட்டிலிலிருந்து கத்தினான்.

“அசையாதே!” என்றார் அர்ச்சுனன்.

“வாயத்தாங்க அசைக்கறேன்! ஏமே குள்ளம்மா, வெதய வுடாத! நிறுத்து!”

கோடை முழுக்கக் குள்ளம்மாள் பட்டினி கிடந்தும் கை வைக்காத விதை. ஒரு காக்கை அதில் ஒன்றைக் கொத்திக்கொண்டு அவன் கட்டில் காலிலேயே வந்து உட்கார்ந்து உடைத்துத் தின்றது. தீர்த்தகிரி எழுந்தான். இரண்டு மாசம் நடக்காத கால் தடுமாறிற்று. அர்ச்சுனன் பிடிப்பதற்குள் வரப்பைத் தாண்டிப் போய், தர்மனைத் தோளால் ஒதுக்கிவிட்டு மேழியைப் பிடித்தான். மாடுகள் தெரிந்த கையை உணர்ந்து காதை விறைத்தன.

“தீர்த்தகிரி!” என்று டாக்டர் அலறினார். “என் இரண்டு மாசம்!”

“என் ஒரு வருசமுங்க, சாமி!” அவன் திரும்பாமல் ஏரை நேராக்கினான்.

தர்மன் மூச்சு வாங்கக் காலியான கட்டிலில் விழுந்தார். கட்டில் முனகிற்று. டாக்டர் கட்டிலையும் ஏரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டிலில் பெருத்தவர் கிடந்தார். ஏரில் இளைத்தவன் இருந்தான். அவர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அர்ச்சுனன்! தீர்த்தகிரி போன மாசத்திலிருந்தே அசைவுக் கோஷ்டி. தர்மன் போன மாசத்திலிருந்தே ஓய்வுக் கோஷ்டி. அவன் ஏன் இளைத்தான், இவர் ஏன் பெருத்தார் என்பதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது!”

“சார், போன மாசம் இவங்க…”

“துரை போன மாசம் வரவில்லை. நாளைக்குத்தான் வருகிறார்.” பேனாவை மூடும்போது அவர் கண் குள்ளம்மாளின் மேல் பட்டது. முகம் மறுபடியும் வாடிற்று. “அம்மா, நிறுத்து! இப்போது உழுகிறவன் உன் புருஷன். கொல்லை அவனுடையது. நீ விதை போட்டால் பலன் அவனுக்கு வந்துவிடும். அது வேலை ஆகிவிடும். போடாதே!”

குள்ளம்மாள் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். ஏரும் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கிளறிய மண்ணிலிருந்து ஆவி கிளம்பிற்று. புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாமி, நான் வெத போடறத நீங்க எழுதித்தான் ஆவணுமா?”

“கண்ணால் பார்த்ததை எழுதாமல் விடமாட்டேன்” என்று டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “அதேபோல, கண்ணால் பார்க்காத ஒன்றை என் உத்தியோகத்தில் நான் எழுதினதே கிடையாது. அது ஆராய்ச்சிக்காரனின் தர்மம்.”

“அப்ப பாக்காதீங்க.”

டாக்டர் மண்ணைப் பார்த்தார். அவரும் எங்கேயோ ஒரு ஊரில் பிறந்தவர்தான். மண் காய்வது அவர் கண்ணுக்கும் தெரிந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, ஒரு பக்கமாகத் திரும்பி, கொல்லைக்கு முதுகு காட்டி நின்றார்.

ஏர் கிளம்பிற்று. சால் நூல் பிடித்ததுபோல் ஓடிற்று. பின்னால் குள்ளம்மாள் அடிக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டு போனாள். சந்தைக்குப் போகிற ஒருவர் கரைமேல் நின்று, வெறும் ஏரியை வெறித்துக்கொண்டிருந்த டாக்டரைப் பார்த்தார்.

“என்னாங்க சாமி பாக்கறீங்க?”

“ஒன்றும் பார்க்கவில்லை” என்றார் டாக்டர், கண்டிப்பாக.

வெயில் அவர் பிடரியிலிருந்து கன்னத்துக்கு வந்தது. கட்டிலில் தர்மன் குறட்டை விட்டார். டாக்டர் கால் மாற்றி நின்றார். மறுபடியும் மாற்றி நின்றார்.

“முடிந்ததா?” என்று ஏரியைப் பார்த்துக் கேட்டார்.

“மேக்கால கோடி பாக்கி கீதுங்க, சாமி” என்று குள்ளம்மாளின் குரல் வந்தது. “காலு கடுத்தா அப்பிடியே வரப்புல குந்துங்க. மூஞ்சிய மட்டும் அந்தப் பக்கமே வெச்சுக்குங்க.”

டாக்டர் கோட்டை மடித்துப் போட்டு, சொன்னபடியே உட்கார்ந்தார்.